வயதான பெண் பாத்திரங்களுக்கு ‘ஆண் குணம்’ வந்துவிடுகிறதா?

தொலைக்காட்சித் தொடர்களில் வயதான பெண்களை ஏன் ஆண்களைப் போலவே காட்டுகிறார்கள், அவர்களுடைய பெண்மை எங்கே போகிறது, இரண்டும் சேர்ந்த பாத்திரம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது கொஞ்சம் வலிக்கிற கேள்வி. என் அம்மம்மாவை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்க ‘ஆம்பிளை மாதிரி’ என்றுதான் சொன்னது.

அம்மப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, அம்மம்மா வீட்டுக் குசினியிலேயே மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கந்தோர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினா. காலை நாலு மணிக்கு அடுப்பு, பதினொரு மணிக்கு வாழையிலை, பின்னேரம் கொப்பியில் கணக்கு. மாதக்கடைசியில் காசு தராமல் இழுத்தடித்த ஒரு கந்தோருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கொள்ளுப்பிட்டிக்குப் போய், வாசல் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்து, சத்தம் ஒன்றும் போடாமல் காசை வாங்கிக்கொண்டுதான் எழும்பினா. அன்று இரவு அம்மப்பாவுக்கு மீனில் முள் எடுத்து ஊட்டினா. விரலால் தடவித் தடவி, ஒரு முள்கூட மிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவா. காசு வாங்கியதை மாமாமார் வருசக்கணக்காகக் கதைத்தார்கள். முள் எடுத்ததை ஒருத்தரும் கதைக்கவில்லை. டிவியிலும் இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்: வயதான பெண்ணிடம் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு ஆண் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

‘எதிர்நீச்சல்’ (2022–2024) தொடரைப் பார்த்திருப்பீர்கள். விசாலாட்சி மருமகள்மாரை அதட்டுவா, வீட்டில் அவ குரல் கேட்காத நாள் இல்லை. இதைத்தான் பலர் ஆண் போன்ற மாமியார் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அந்த அதிகாரம் மகன் ஆதி குணசேகரனுடையது. அவன் வாய் திறந்தால் தாய் அடங்கிவிடுவா, அவன் நினைத்ததைத்தான் இவ மருமகள்மாரிடம் சொல்லுவா. இரவல் அதிகாரத்துக்குச் சத்தம் கூடத்தான் வேண்டும், ஏனென்றால் தன் கையில் வேறு ஒன்றும் இல்லை. அதே தொடரில் அப்பத்தா பட்டம்மாள் மெதுவாகத்தான் பேசுவா, ஆனால் சொத்தில் நாற்பது சதவீதம் அவ பெயரில் இருக்கிறது. மூத்த ஆம்பிளை முதல் கடைசி ஆள் வரைக்கும் அந்தக் காகிதத்துக்காக அவவைச் சுற்றி வருகிறார்கள், அவவோ மருமகள்மார் பக்கம் நிற்கிறா. சத்தம் போடுகிற கிழவி ஆணா, சத்தமே போடாமல் முடிவெடுக்கிற கிழவி ஆணா? சத்தத்தையும் அதிகாரத்தையும் ஒன்றென்று எடுத்தால் இந்தக் கேள்விக்கு விடை வராது.

அப்பத்தாவாக நடித்த பாம்பே ஞானம், பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை நடத்தியவர். அந்த மேடையில் ஆண் வேடமும் பெண்கள்தான் போடுவார்கள். ஆண் எப்படி நிற்பான், எப்படிக் கை வீசுவான் என்று அத்தனை வருசம் மேடையில் பழகிய ஒருவர், அப்பத்தாவில் அதில் ஒன்றையும் கொண்டுவராமல் அந்தப் பலத்தைக் காட்டினார். அது எனக்குப் பெரிய பாடம்.

இன்னொன்றும் பாருங்கள். விசாலாட்சியாக நடித்த சத்யப்ரியாதான் ‘கோலங்கள்’ (2003–2009) தொடரில் அபியின் தாய் கற்பகம். இரண்டுக்கும் இயக்குநர் திருச்செல்வமே. புருசன் வேறு குடும்பம் என்று போய்விட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு கண்ணீரோடு நின்ற கற்பகத்தை எல்லாரும் ‘பெண்மை’ என்று ஏற்றுக்கொண்டோம், குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த மகள் அபியை ‘ஆம்பிளைப் பிள்ளை மாதிரி’ என்றோம். ‘மெட்டி ஒலி’ தொடரில் தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்த சிதம்பரம் எத்தனை தரம் அழுதார், ஒருத்தராவது அவருக்குப் பெண் குணம் என்றார்களா? நல்ல அப்பா என்றுதான் சொன்னோம். அப்படியென்றால் முடிவெடுக்கிற பெண்ணையும் நல்ல அம்மா என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே!

உளவியலிலும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974இல் 60 குணங்கள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். 20 ஆண்மைக்கென்று கருதப்படுபவை, 20 பெண்மைக்கு, 20 பொது. தன் காலில் நிற்பது, தலைமை தாங்குவது, எளிதில் முடிவெடுப்பது எல்லாம் ஆண் பக்கம். பரிவு, மென்மையான பேச்சு, விட்டுக்கொடுப்பது, குழந்தைகளில் பிரியம் எல்லாம் பெண் பக்கம். இதெல்லாம் சமூகம் அப்படிக் கருதுகிறது என்பதால் வைத்த பிரிவு, உடம்பிலேயே இருப்பது என்று சொன்னதல்ல. முக்கியமாக, அவர் இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக வைக்காமல் தனித்தனியாக அளந்தார், அதனால் ஒரே ஆள் இரண்டிலும் கூடிய புள்ளி எடுக்கலாம். ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இரண்டும் சேர்ந்த பாத்திரம் கேட்டீர்கள் அல்லவா, எனக்கு அது ஓஷின்தான். ஜப்பானில் 1983–84இல் 297 பகுதிகளாக வந்த தொடர், எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண். அங்கே சராசரியாக 52 சதவீதத்துக்கு மேல் பார்வையாளர்கள் பார்த்தார்கள். இங்கே இலங்கை அரசத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் சிங்களத்தில் போனபோது எங்கள் வீட்டில் அம்மம்மா கணக்குக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டே பார்ப்பா. சின்ன ஓஷின் வேலைக்காரியாகக் கஷ்டப்பட்டதுதான் எல்லாருக்கும் ஞாபகம், ஆனால் கதை தொடங்குவதே எண்பது தாண்டிய ஓஷினிடமிருந்துதான். பல கடைகளுக்குச் சொந்தக்காரி, பதினேழாவது கடை திறக்கிற அன்றைக்கு வீட்டைவிட்டுக் காணாமல் போகிறா. அம்மம்மாவுக்குச் சரியான கோபம். “கடை திறக்கிற நாளிலை முதலாளி ஓடுறதோ?” என்று கொப்பியை மூடி வைத்துவிட்டா. பிறகுதான் காரணம் விளங்கியது. அந்தப் புதுக் கடை வந்தால், ஒரு காலத்தில் தனக்குத் தோள் கொடுத்தவருடைய குடும்பக் கடை படுத்துவிடும். மகனுக்கு லாபம்தான் முக்கியம், கிழவிக்கு அந்த நன்றி முக்கியம். பூகம்பத்தில் தொழிலை இழந்து, மாமியாரிடம் பாடுபட்டு, யுத்தத்தில் மூத்த மகனையும் அது முடிந்த கையோடு புருசனையும் பறிகொடுத்து, தெருவில் மீன் விற்று எழும்பின பெண் அவ. வியாபாரம் அந்தக் கைக்குள் இருக்கிறது, நன்றி மறக்காத மனமும் அந்தக் கைக்குள்ளேயே இருக்கிறது. இதில் எதை வெட்டி ஆண் பக்கம் போடுவீர்கள்?

எங்கள் தொடர்களில் குறை என்று நான் நினைப்பது, வயதான பெண் வேலை செய்வதைக் காட்டுவதே இல்லை என்பதுதான். முகத்தை மூன்று தரம் கிட்டத்தில் காட்டுகிறார்கள், கையைக் காட்டுவதில்லை. கணக்கு எழுதுகிற, பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற, முள் எடுக்கிற கையைக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, எங்கே தொடங்கலாம் என்றால், ஓஷின் கிடைத்தால் முதல் பகுதியைத் தவறவிடாதீர்கள், பலர் சின்னப் பிள்ளை வரும் இடத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘எதிர்நீச்சல்’ தொடரில் அப்பத்தா வரும் காட்சிகளை எடுத்து, ஒரு தரம் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.