கனடாவுக்கு வருமுன் மனைவி ஆங்கிலம் வாசிக்கப் பழக: களுவாஞ்சிகுடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ரொறன்ரோ வந்து நாலு மாதம். மனைவியும் ஆறு வயது மகளும் களுவாஞ்சிகுடியில். ஸ்பொன்சர் அலுவல் நடக்கிறது. தங்கச்சி (உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்) ஓ.எல். (சாதாரண தரம்) வரை படித்தவர், ஆங்கில எழுத்துகள் தெரியும், சின்னச் சொற்களைக் கூட்டுவார், ஒரு பந்தியைக் கொடுத்தால் மூன்றாம் வரியில் நின்றுவிடுவார். வீட்டில் பழைய லப்டொப் ஒன்று கிடக்கிறது. காசு கட்டி ஒரு ஒன்லைன் கோர்ஸ் எடுத்துக் கொடுக்கவா, இல்லாவிட்டால் எந்த சொப்ட்வெயார் நல்லது?

காசு கட்ட வேண்டாம். வேண்டிய மூன்று சொப்ட்வெயாரும் இலவசம். ஒருக்கா இறக்கி வைத்தால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும். டேட்டா முடிந்த நாளிலும் படிப்பு நிற்காது. ஆனால் அதற்கு முதல் தங்கச்சியின் கொப்பியை வீடியோ கோலில் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் தடை அங்கேதான். அந்தப் பழக்கம் இருக்கும்வரை எந்த சொப்ட்வெயாரும் பயன் தராது.

ஏன் என்று சொல்கிறேன். ஆட்டுக்கு ஆங்கிலத்தில் 'கோட்'. குளிருக்குப் போடும் மேலங்கிக்கும் 'கோட்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் முதலெழுத்தும் வேறு, ஒலியும் வேறு. பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. பூனையும் 'கட்', வெட்டுவதும் 'கட்'. 'பல்' என்று சொல்லும்போது ஒரு பகரம், 'அன்பு' என்று சொல்லும்போது வேறொரு பகரம். ஆனாலும் நமக்கு எழுத்து ஒன்றுதான், வரும் இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பிரிக்க நாம் பழகவில்லை. மேலே தமிழில் எழுதி வைத்தவுடன் கண் தமிழைத்தான் வாசிக்கிறது. கீழே இருக்கும் ஆங்கிலம் படம் மாதிரிக் கிடக்கும்.

அடுத்தது எழுத்தின் பெயர். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. 247 எழுத்தையும் அப்படித்தான் படித்தோம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒலிகளோ ஏறத்தாழ 44. 'டபிள்யூ' என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. 'எச்' என்பதும் அப்படித்தான். எழுத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பிறகு சொல்லைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் நாலெழுத்துக்கு மேல் ஓடாது. தங்கச்சி மூன்றாம் வரியில் நிற்பதற்குக் காரணம் மூளையல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு பாடுபட்டால் யாருக்கும் களைக்கும், முதல் வரியில் என்ன இருந்ததென்பதும் மறந்துபோகும்.

ஆகவே முதல் இரண்டு கிழமை ஒலி மட்டும். இதற்கு பலபோல்கா என்ற விண்டோஸ் சொப்ட்வெயார் போதும். எழுதியதைக் குரலாக வாசிக்கும், வாசிக்கும் சொல்லை நிறம் போட்டுக் காட்டும், வேண்டுமானால் எம்பி3 ஆகவும் சேமித்துத் தரும். விண்டோஸில் அமெரிக்க ஆங்கிலம் இருந்தால் டேவிட், சீரா என்று இரண்டு குரல் கூடவே இருக்கும். பட்டியலில் வராவிட்டால் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அந்த மொழியைப் பேச்சுடன் சேர்க்க வேண்டும். ஊரில் நம் காது பிரிட்டிஷ் உச்சரிப்புக்குப் பழகியது, இங்கே கேட்கப்போவது வட அமெரிக்க உச்சரிப்பு. இந்தக் குரல்களில் பழகுவது அதற்கும் உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு எழுத்தில் மட்டும் மாறும் பத்துச் சோடிச் சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்துருவை வெர்டானா ஆக்குங்கள், அளவு 18. ஏரியல் எழுத்துருவில் பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் ஒரே கோடாகத் தெரியும், வெர்டானாவில் தெளிவாகப் பிரியும். வேகம் காட்டும் பட்டை கழித்தல் 10 இலிருந்து கூட்டல் 10 வரை போகும், நடு சைபர். கழித்தல் 2 அல்லது 3 போதும். விளங்கவில்லை என்று இன்னும் கீழே இறக்கினால் உயிரொலி இழுபட்டு வேறு சொல்லாகக் கேட்கும். தங்கச்சி கண்ணை மூடிக் கேட்டு, பிறகு பட்டியலில் எந்தச் சொல் என்று விரலால் தொட வேண்டும். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் அடுத்த சோடிகளுக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. தனி எழுத்தைக் கொடுத்தால் இந்தக் குரல் எழுத்தின் பெயரைத்தான் சொல்லும், ஒலியைச் சொல்லாது. அதனால் எப்போதும் முழுச் சொல்லாகவே கொடுங்கள். எழுத்து ஒன்றாக இருந்து ஒலி இரண்டாகும் சொற்களும் உண்டு. வாசி என்பதற்கும் வாசித்தேன் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே நாலெழுத்துதான். முன்னது 'ரீட்', பின்னது 'ரெட்'. இப்படியானவற்றை வசனத்துக்குள் வைத்துக் கொடுங்கள், தனியே கொடுத்தால் மெசின் பிழைவிடும்.

சோடிகள் முடிந்ததும் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஊமை 'இ' எழுத்து. அந்த ஒரு எழுத்து சேர்ந்ததும் முன்னே உள்ள உயிர் தன் பெயரையே ஒலியாகச் சொல்லத் தொடங்கும்: 'ஹொப்' 'ஹோப்' ஆகிறது, வெட்டும் 'கட்' 'கியூட்' ஆகிறது. இந்த விதி பிடிபட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே நேரத்தில் திறக்கும். ஒரு கிழமை முழுக்க இதற்கே கொடுத்தாலும் நட்டமில்லை.

இரண்டாவது சொப்ட்வெயார் ஆங்கி. கம்ப்யூட்டரிலும் அன்ட்ரொயிட் போனிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் காசு. சொல் அட்டை ஒன்றைக் காட்டும், நீங்கள் எவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து, மறக்கும் தறுவாயில் திரும்பக் காட்டும். இதைப் போட்டுக் கொடுக்கும் பலர் அட்டையின் முன்பக்கத்திலேயே குரலையும் வைத்துவிடுகிறார்கள். அட்டை திறந்தவுடன் குரல் சொல்லைச் சொல்லிவிடும், வாசிக்க எதுவும் மிஞ்சாது. முன்பக்கத்தில் ஒரு சின்ன வசனம், படிக்க வேண்டிய சொல் தடித்த எழுத்தில். அவ்வளவுதான். பின்பக்கத்தில் குரல், தமிழ்க் கருத்து, முடிந்தால் ஒரு படம். தங்கச்சி முதலில் வாய்விட்டு வாசிக்கவேணும், மறுகாதான் அட்டையைத் திருப்பவேணும். ஷிஃப்டும் வி-யும் சேர்த்து அமத்தினால் தன் குரலைப் பதியலாம், வி மட்டும் அமத்தினால் அதைக் கேட்கலாம், ஆர் அமத்தினால் அட்டையின் குரல் திரும்ப வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எங்கே பிசகு என்று அவருக்கே விளங்கும்.

ஆங்கி தொடக்கத்திலேயே நாளுக்கு 20 புதுச் சொல் என்று வைத்திருக்கும். அதை 7 ஆகக் குறையுங்கள். 20 என்று விட்டால் சில கிழமைக்குள் ஒரு நாளைக்கு 200 அட்டை திரும்ப வந்து நிற்கும். வீட்டு வேலையும் பிள்ளையுமாக இருப்பவர் மூன்று நாள் விட்டாலே மலைபோல் குவிந்துவிடும், அதோடு கைவிட்டுவிடுவார். இன்னொன்று, தெரியாத சொல்லுக்கு 'எகெய்ன்' பட்டனைத்தான் அமத்தவேணும். வெட்கப்பட்டு 'ஹார்ட்' அமத்தினால் அது தெரிந்த சொல்லாகக் கணக்காகி, தள்ளித் தள்ளி வரும். தங்கச்சிக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அது பரீட்சைப் புள்ளி இல்லை.

மூன்றாவது ஹொட் பொட்டேட்டோஸ். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் மொழி கற்பிப்பவர்களுக்காக உருவானது. மற்ற இரண்டும் தங்கச்சிக்கு, இது உங்களுக்கு. நீங்கள் இங்கே பயிற்சியைச் செய்தால் அது இணையப் பக்கம்போல ஒரு கோப்பாக வரும். அங்கே எந்தப் பிரவுசரிலும் திறக்கும், திருத்தத்தையும் அதுவே செய்யும். ஜேமெட்ச் சொல்லையும் படத்தையும் பொருத்த. ஜேகுளோஸ் பந்தியில் இடைவெளி நிரப்ப. ஜேமிக்ஸ் குழம்பிய சொற்களை வசனமாக அடுக்க. ஜேகுவிஸ் பந்தியை வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்ல.

ஜேகுளோஸில் இத்தனையாவது சொல்லை நீக்கு என்று தானாக இடைவெளி போடும் வசதி உண்டு. அதைத் தொடாதீர்கள். எந்தச் சொல்லும் போகும், ஊர்ப் பெயரும் போகும், ஊகிக்க வழியே இராது. அக்கம்பக்கத்தை வாசித்தால் கண்டுபிடிக்கக்கூடிய சொற்களாகப் பார்த்து நீங்களே நீக்குங்கள், எட்டுச் சொல்லுக்கு ஒன்று என்ற அளவில். 'பிகின்ஸ்' என்ற இடத்தில் 'ஸ்டார்ட்ஸ்' என்று எழுதினாலும் சரிதானே. அப்படியான மாற்று விடைகளையும் உள்ளே கொடுத்துவிடுங்கள். சரியாக எழுதியதை மெசின் பிழை என்று சொன்னால் படிக்கும் மனம் அன்றைக்கே விட்டுப்போகும்.

இனிப் பாடப்பகுதி. இதில்தான் அதிகம் மினக்கெட வேண்டும், மெசின் தராத இடம் இது. நம் இலங்கையில் பால்மாப் பெட்டியிலும் கரண்ட் பில்லிலும் வங்கிச் சிட்டையிலும் மட்டக்களப்பு ரயில் நிலையப் பலகையிலும் மூன்று மொழியும் இருக்கிறது. தங்கச்சியை நாளுக்கு இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஆங்கிலச் சொற்களை எடுத்து ஜேமெட்ச் செய்யுங்கள். கருத்து பக்கத்திலேயே தமிழில் இருப்பதால் அகராதி தேவையில்லை, ஆனால் உச்சரிப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. அது அவர் வாசித்தாக வேண்டியது.

பந்திகளை 60 முதல் 80 சொல்லுக்குள் நீங்களே எழுதுங்கள். கல்லடிப் பாலத்தைப் பற்றி எழுதலாம்: பழைய பாலம் 1924இல் கட்டியது, புதுப் பாலம் 2013இல் திறந்தது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தெரிந்த விசயம் என்பதால் கருத்துக்கு அலைய வேண்டாம், கண் எழுத்தில் நிற்கும். ஆனால் எந்தப் பாலம் பழையது என்று கேள்வி கேட்டால் வாசிக்காமலே பதில் சொல்லிவிடுவார். ஆகவே பந்திக்குள் வாசித்தால் மட்டுமே தெரியும் ஒன்றைச் செருகுங்கள். ராணி செவ்வாய்க்கிழமை 9.15 பஸ்ஸில் கல்முனைக்குப் போகிறாள், திரும்பி வரும்போது இரண்டு சட்டி தயிர் வாங்குகிறாள். எத்தனை மணி பஸ், எத்தனை சட்டி, இவைதான் கேள்வி.

மூன்றாம் மாதம் முதல் இங்கத்தையக் கடதாசிகள். உங்கள் தபால் பெட்டியில் கிழமைக்குக் கிழமை விழும் கடை ஃபிளையர், பஸ் நேர அட்டவணை, டொக்டர் அப்பொயின்ட்மென்ட் கடிதம் (பெயர், விலாசம், இலக்கங்களை மறைத்துவிட்டு). வாழ்க்கைத்துணை ஸ்பொன்சருக்கு மொழிப் பரீட்சை கேட்பதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வந்து இறங்கியதும் லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்புக்குப் போகலாம். அதற்கு முன் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கையும் தனித்தனியே பார்த்துப் படிநிலை தருவார்கள். தொடக்கப் படிநிலைகளில் வாசிப்புக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கடதாசிகள்தான்: வாழ்த்து மடல், குறுஞ்செய்தி, படிமுறை அறிவுறுத்தல், படிவம், விளம்பரம், ஒரு சின்னப் பந்தி. கதைப் புத்தகத்தில் நேரத்தைப் போக்குவதைவிட இவை வேலைக்கு ஆகும்.

நாளுக்கு 40 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள் போதும். ஆங்கி 10, பந்தி 20, ஹொட் பொட்டேட்டோஸ் 10. பந்தி வாசிக்கும் ஒழுங்கு: முதல்முறை பலபோல்கா வாசிக்கக் கண்ணால் நிறத்தைத் தொடர்வது. இரண்டாம்முறை அதோடு சேர்ந்து வாய்விட்டு வாசிப்பது. மூன்றாம்முறை குரலை நிறுத்திவிட்டுத் தனியே வாசித்துப் போனில் பதிவு செய்து உங்களுக்கு அனுப்புவது. பந்தியின் சொல் எண்ணிக்கையை எடுத்த செக்கனால் பிரித்து 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று வரும். 100 சொல்லுக்கு ஐந்துக்கு மேல் பிழையென்றால் பந்தி கடினம், அடுத்ததை இலகுவாக்குங்கள். துணையில்லாமல் வாசிக்கக் கொடுப்பதில் தெரியாத சொல் நூற்றுக்கு இரண்டைத் தாண்டக்கூடாது. வேகம் 40இல் தொடங்கி 80ஐத் தொட்டால் நல்ல முன்னேற்றம். அதே பந்தியை மூன்று நாள் வாசிக்கட்டும். மனப்பாடமாகிறதென்று சந்தேகம் வந்தால் வசனங்களின் வரிசையை மாற்றி அனுப்பிப் பாருங்கள்.

பதிவை நீங்கள் உங்கள் காதால் கேட்கவேணும். பேச்சை எழுத்தாக்கும் அப்களை நடுவராக வைக்காதீர்கள். அவை முன்பின் சொல்லைப் பார்த்து ஊகிப்பதால் சில பிழைகளைச் சரியாக எழுதிவிடும், சரியாக வாசித்ததையும் நம் உச்சரிப்புக் காரணமாகப் பிழையென்று காட்டும். கமெராவைப் பிடித்தால் தமிழில் மாற்றித் தரும் வசதியும் அப்படித்தான். அவசரக் கடிதத்துக்கு நல்லது. படிக்கும் 40 நிமிடத்தில் வேண்டாம்.

மகளுக்கு ஜிகொம்பிரி என்ற இலவசத் தொகுப்பைப் போட்டுக் கொடுங்கள், அதுவும் இணையமின்றி ஓடும், எழுத்து விளையாட்டுகள் நிறைய உண்டு. தங்கச்சியை அதில் படிக்கச் சொல்லாதீர்கள். வளர்ந்தவருக்கு வாத்தும் பந்தும் காட்டிப் படிப்பித்தால் மனம் நோகும்.

எல்லா சொப்ட்வெயாரையும் அவற்றின் சொந்தத் தளங்களில் மட்டும் இறக்குங்கள், வேறு தளங்களில் 'டவுன்லோட்' என்று மினுங்கும் பட்டன்கள் வைரஸ் கொண்டுவரும். ஹொட் பொட்டேட்டோஸ் கோப்பைப் படங்களோடு அனுப்பும்போது எல்லாவற்றையும் ஒரே போல்டரில் வைத்து சிப் ஆக்கி வட்ஸ்அப்பில் டொக்குமென்டாக அனுப்புங்கள். பக்கத்தை மட்டும் அனுப்பினால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி தெரியும். கோப்புப் பெயர்களில் இடைவெளி விடாதீர்கள்.

நேரம்: கோடையில் ஊர் நமக்கு ஒன்பதரை மணி முன்னால், குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் இங்கே இரவு 8.30 என்றால் அங்கே காலை 6. பிள்ளை எழும்புவதற்கு முன்னான அந்த நேரத்தில் ஒரு கால் மணி நீங்கள் இருவரும் பந்தியைச் சேர்ந்து வாசிக்கலாம். பிழை விட்டால் உடனே வெட்டித் திருத்தாதீர்கள், வசனம் முடியும்வரை பொறுங்கள். பாதிப் பிழையை அவரே திரும்பிப் போய்த் திருத்துவார். இந்தச் சனிக்கிழமைக்குள் முதல் பத்துச் சோடியை அனுப்பிவிடுங்கள். அதில் கோட்டும் கோட்டும் இருக்கட்டும்.