ஆண்டைக் கேட்காதீர்கள், தடையைக் கேளுங்கள்: எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றி கேள்வி பதில்

கே: அணுக்கரு இணைவு மின்சாரம் எந்த ஆண்டு வீட்டுக்கு வரும்?

ப: ஆண்டு சொல்ல மாட்டேன், தடை எது என்று சொல்கிறேன். லேசான அணுக்கருக்கள் ஒன்றாகச் சேரும்போது ஆற்றல் வெளிவரும், அதுதான் இணைவு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளை ஒரு சின்ன உலோகக் கூட்டுக்குள் பாய்ச்சினார்கள். உள்ளே எழுந்த எக்ஸ் கதிர்கள், நடுவில் இருந்த கடுகளவு எரிபொருள் உருண்டையை நசுக்கின. லேசராய் உள்ளே போன ஆற்றல் 2.05 மெகாஜூல், இணைவிலிருந்து வந்தது 3.15 மெகாஜூல். பல செய்திகள் அதோடு நின்றுவிட்டன. ஆனால் அந்த லேசரை ஒரு தடவை சுட, மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். மின் நிலையம் என்றால் இதையே நொடிக்குப் பல தடவை, வருடக்கணக்கில், நிற்காமல் செய்ய வேண்டும். இயற்கை விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை, நிற்பது பொறியியலும் செலவும். எனவே ‘சாதித்துவிட்டார்கள்’ என்று படித்தால், எதை உள்ளே கொடுத்ததாகக் கணக்கிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

கே: குவாண்டம் கணினி எந்த ஆண்டு?

ப: மேலே சொன்னதேதான், ஆண்டு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இன்று திருடி வைத்த மறைகுறியாக்கத் தகவலை, அதாவது சங்கேதமாகப் பூட்டிய தகவலை, அந்தக் கணினி வந்த பிற்பாடு உடைக்க முடியும். அதனால்தான் அந்தக் கணினி வருவதற்கு முன்பே, 2024இல், புதிய மறைகுறியாக்கத் தரங்களை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்டது.

கே: செயற்கை நுண்ணறிவு எல்லா வேலையையும் எப்போது எடுத்துக்கொள்ளும்?

ப: மனிதன் செய்யும் எந்த வேலையையும் இருபதே ஆண்டுகளில் இயந்திரம் செய்யும் என்று ஹெர்பர்ட் சைமன் 1965இல் எழுதினார். கதிரியக்கப் பட மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் இயந்திரம் மிஞ்சிவிடும் என்றார் ஜெஃப்ரி ஹிண்டன், 2016இல். இருவரும் துறையின் முன்னோடிகள், இருவர் சொன்னதும் பலிக்கவில்லை. படம் பார்ப்பது அந்த மருத்துவரின் வேலையில் ஒரு பகுதிதான், மீதி எங்கே போகும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கே (இயற்பியல் ஆசிரியர்): சார், உங்கள் முறையே தப்பு. அணுவிலிருந்து ஆற்றல் எடுப்பது வெறும் கற்பனை என்று அணுக்கரு இயற்பியலின் முன்னோடி ரூதர்ஃபோர்டு 1933 செப்டம்பரில் சொன்னார். அவரைவிடத் தடைகளை அறிந்தவர் யார்?

ப: நல்ல அடி. ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. மின்னேற்றம் உள்ள துகளால் அணுக்கருவை அடித்தால் கரு விலக்கித் தள்ளும், லட்சத்தில் ஒன்று பட்டாலே பெரிது. அவர் சொன்ன தடை அதுதான். மின்னேற்றமே இல்லாத நியூட்ரானை அவருடைய ஆய்வகத்திலேயே சாட்விக் 1932இல் கண்டுபிடித்திருந்தார்! பத்திரிகையில் ரூதர்ஃபோர்டின் பேச்சைப் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டு, லண்டன் தெருவொன்றில் சிக்னலுக்காக நின்றபோது யோசித்தார்: ஒரு நியூட்ரான் போய் இரண்டு வெளிவந்தால்? இரண்டு நான்காகி, வினை தானே தொடருமே! தடையைத் துல்லியமாகச் சொன்னால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

கே (அதே ஆசிரியர்): இது நடந்து முடிந்த பின் பேசுவது. அப்படி நியூட்ரான்களைத் தரும் என்று சிலார்டு முதலில் நினைத்தது பெரிலியத்தை, யுரேனியத்தை அல்ல. யுரேனியம் பிளவுபடும் என்று 1938 டிசம்பர் வரை யாருக்குத் தெரியும்?

ப: சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஐந்தாண்டு இடைவெளியை எந்தத் தடைப் பட்டியலும் காட்டியிருக்காது. ஆனாலும் எதைத் தேட வேண்டும் என்று சிலார்டுக்குத் தெரிந்திருந்தது. பிளவு பற்றிய செய்தி வந்ததும், 1939 மார்ச்சிலேயே யுரேனியத்திலிருந்து நியூட்ரான்கள் வெளிவருவதை வால்டர் ஜின் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து சோதித்துப் பார்த்துவிட்டார். 1942 டிசம்பர் 2இல் சிகாகோவில் தொடர்வினை ஓடியது. கண்டுபிடிப்பைக் கணிக்க முடியாது, அதற்குத் தயாராக இருக்கலாம் என்றுதான் நான் சொல்ல வருகிறேன், அதில் நாம் இருவரும் ரொம்பத் தள்ளி இல்லை.

கே: பறக்கும் கார் எந்த ஆண்டு?

ப: ஆண்டு, ஆண்டு, ஆண்டு. முதல் பதிலைப் படியுங்கள். அப்புறம் சத்தம், பேட்டரி எடை, பழுதானால் எங்கே விழும் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.

கே: மூர் விதி செத்துவிட்டதா?

ப: அது இயற்கை விதியே இல்லை. ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கொரு முறை இரட்டிப்பாகும் என்றார் மூர் 1965இல், 1975இல் அவரே இரண்டாண்டு என்று மாற்றினார். துறை அதை இலக்காக வைத்து ஓடியதால்தான் பலித்தது. கடிகார வேகத்தின் (சில்லு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதன்) ஏற்றமோ வெப்பம் தாங்காமல் 2005 வாக்கிலேயே நின்றுவிட்டது. எந்த வளைகோட்டைப் பற்றிக் கேட்கிறோம் என்பது முக்கியம்.

கே: அறை வெப்பநிலை மீக்கடத்தி வருமா? விதி தடுக்கிறதா, பொறியியல் தடுக்கிறதா?

ப: இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. மீக்கடத்தி என்றால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், இதுவரை கடும் குளிரில்தான். அறை வெப்பநிலையில் அது வருவதைத் தெரிந்த எந்த விதியும் தடுக்கவில்லை. 1911இல் பாதரசத்தில் 4.2 கெல்வினில் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) தொடங்கி, 1987இல் ஒரு பீங்கான் வகைப் பொருளில் ஒரே தாவலாக 90 கெல்வினைத் (சுமார் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ்) தாண்டியது, அதை எந்தக் கோட்பாடும் முன்னால் சொல்லவில்லை. ஆசிரியர் சொன்ன வகைத் தாவல் அது. ஆகவே அடுத்த அறிவிப்பு வரும்போது இரண்டைத் தேடுங்கள்: மின்தடை முழுக்கப் பூஜ்யமா, காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறதா. 2023இல் கிளம்பிய அறிவிப்பு மற்றவர்கள் செய்து பார்த்தபோது தேறவில்லை. இரண்டும் வேறொரு ஆய்வகத்திலும் தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கு நானும் தூங்க மாட்டேன்.