படிவத்தில் இல்லாத கேள்வி

கேள்வி: நான் தன்பாலீர்ப்பாளன், பழைமைவாதக் கட்சிக்காரன். குன்னூர் தொகுதிக்கு மனு போட்டால் இதைச் சொல்லியாக வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் வழக்கு, சொத்து, கடன், படிப்பு போன்றவற்றைத்தான் கேட்கிறது. கவனம் தேவைப்படுவது வாழ்க்கைத்துணை பத்தியில். 2023 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தரவில்லை. எனவே கூட வாழ்பவர் அதில் வரமாட்டார். 'பொருந்தாது' என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் மனு தள்ளுபடியாகலாம். ஆனால் இருவர் பெயரிலும் தேயிலைத் தோட்டம் இருந்தால் உங்கள் பங்கைக் காட்டியே தீரவேண்டும். பத்திரம் இணையத்தில் ஏறும், ஊரே படிக்கும்!

கட்சி ஏற்குமா என்பது வேறு கதை. அமெரிக்காவில் 1977-ல் தொடங்கிய, பழைமைவாதக் குடியரசுக் கட்சியின் தன்பாலீர்ப்பு ஆதரவாளர்களுக்கான லாக் கேபின் அமைப்பினருக்கு, 2022-லும் டெக்சாஸ் மாநிலக் குடியரசுக் கட்சி மாநாட்டில் ஸ்டால் போட இடம் தரவில்லை. எதிரணி கிளப்புமுன் மாவட்டச் செயலாளரிடம் நீங்களே சொல்லிவிடுவது மேல்.