தணிக்கைப் பத்தியைக் குழு எடுக்காவிட்டால் என்ன செய்வது?

வணக்கம். ஓர் ஒன்றிய அமைச்சகத்தின் வீண்செலவைச் சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை சுட்டிக்காட்டியும், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அதை விசாரணைக்கு எடுக்கவில்லை என்பதால், எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முடியவில்லை. மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கொண்ட அக்குழு, தனது ஓராண்டுப் பதவிக்காலத்தில் அறிக்கையின் சில பத்திகளை மட்டுமே தேர்ந்தெடுத்து, துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்க முடியும். ஆனால் தேர்ந்தெடுக்கப்படாத பத்திகளுக்கும், அறிக்கை அவையில் வைக்கப்பட்ட 4 மாதங்களுக்குள், தணிக்கைத் துறை சரிபார்த்த நடவடிக்கைக் குறிப்பை (என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் குறிப்பை) அமைச்சகம் அனுப்பியாக வேண்டும். பலரும் கவனிக்காத இந்தக் கடமைதான் உங்களுக்குப் பிடிமானம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, குழுவுக்கே மீண்டும் மனு எழுதுவதைவிட, அறிக்கை எண், ஆண்டு, பத்தி எண் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அந்தக் குறிப்பின் நகலையும் அனுப்பப்பட்ட தேதியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அமைச்சகத்திடம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். குறிப்பு அனுப்பப்படவில்லை என்று தெரியவந்தால், அந்தப் பதிலை இணைத்து, அவையில் எழுத்துமூல விடை பெறும் கேள்வியாக எழுப்பும்படி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கோருங்கள். செலவழித்தது மாநிலத் துறை என்றால் மட்டும், நாட வேண்டிய இடம் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு.