மாட்ரிட்டில் இரண்டு நாள்: ஓவியமா, விருந்தா?

கேள்வி: அலுவலக வேலையாக ஐரோப்பா செல்லும் என் கணவருடன் நானும் போகிறேன். வேலை முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மாட்ரிட் போய்ச் சேர்ந்து, ஞாயிறு இரவு கிளம்புவதாக ஏற்பாடு. எனக்கு ஓவியங்கள் என்றால் உயிர்; அவருக்கு நல்ல உணவகங்கள். அங்குள்ள மூன்று பெரிய அருங்காட்சியகங்களையும் பார்த்தே தீர வேண்டும் என்கிறேன் நான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் உயர்தர உணவகத்தில் இரண்டு இரவும் சாப்பிட வேண்டும் என்கிறார் அவர். நான் சைவம் என்பது இன்னொரு சிக்கல். எப்படித் திட்டமிடுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் வழக்கில் பாதியை மாட்ரிட் நகரத்தின் கடிகாரமே தீர்த்து வைத்துவிடும். அங்கே மதிய உணவு இரண்டு மணி வாக்கில்தான் தொடங்குகிறது. இரவு உணவுக்கு ஒன்பது மணிக்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் உட்காருவதில்லை. அருங்காட்சியகங்களோ காலை பத்து மணிக்கே திறந்துவிடுகின்றன. ஆகவே காலைப் பொழுது முழுவதும், அவருடைய பசிக்கு எந்தத் துரோகமும் செய்யாமல், உங்களுடையதாகிவிடுகிறது. மீதிப் பாதிக்கு ஆளுக்கொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: மூன்றையும் முழுதாகப் பார்க்கும் ஆசையை நீங்கள் விடுங்கள், இரண்டு இரவு விருந்துகளை அவர் விட்டு, ஒரே ஒரு நீண்ட மதிய விருந்தாக மாற்றிக்கொள்ளட்டும்.

மதிய விருந்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு சிறு பதார்த்தங்களாகப் பதினைந்து, இருபது முறை பரிமாறப்படும் டேஸ்டிங் மெனுவை இரவு ஒன்பதரைக்குத் தொடங்கினால், எழும்போது நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் காலை அருங்காட்சியகம் அதோடு போயிற்று. அதையே மதியம் வைத்துக்கொண்டால் மாலை ஐந்துக்கு எழுந்து நடக்கலாம், இரவில் ஒன்றும் சாப்பிட வேண்டியிருக்காது. பல உணவகங்கள் மதியத்திலும் அதே மெனுவைத் தருகின்றன; சில இடங்களில் அதன் சுருங்கிய, விலை குறைந்த வடிவமும் கிடைக்கும். ஆனால் விருந்துக்குப் பிறகு ஓவியம் பார்க்கப் போகாதீர்கள். நிறைந்த வயிற்றோடும் நான்கு கோப்பை ஒயினோடும் நிற்பவருக்கு எந்த மேதையின் படமும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலையை ரெய்னா சோபியா என்ற நவீன ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். அன்று இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அங்கே நீங்கள் போவது பிக்காசோவின் கெர்னிகாவுக்காக என்று முடிவு செய்துகொண்டால் இரண்டு மணி நேரம் தாராளம். 1937 ஏப்ரலில் குண்டுவீச்சில் அழிந்த, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்த ஓவியம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. நியூயார்க்கில் பல ஆண்டுகள் இருந்து, 1981இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது. அது உருவாகிவந்த கட்டங்களை டோரா மார் எடுத்த புகைப்படங்களும், பிக்காசோவின் முன்னோட்ட வரைவுகளும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்துவிட்டு ஓவியத்தின் முன் நின்றால், எது அழிக்கப்பட்டது, எது தப்பியது என்பது கண்ணில் படும். கடைசி இரண்டு மணி நேரம் கட்டணம் கிடையாது என்பதால் அப்போது கூட்டம் மொய்க்கும். ஐந்து மணிக்கே கட்டணம் செலுத்தி உள்ளே போய்விடுங்கள்.

சனிக்கிழமை காலை பிராடோ அருங்காட்சியகம். 1819இல் திறக்கப்பட்ட இந்த இடத்தில் எல்லாவற்றையும் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வெலாஸ்கெஸ், பாஷ், கோயா ஆகிய மூன்று ஓவியர்கள் போதும். பத்து மணிக்குச் சீட்டோடு வாசலில் நின்று, மற்ற அறைகளை ஓரக்கண்ணாலும் பார்க்காமல், நேராக வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸ் ஓவியம் இருக்கும் அறைக்குப் போங்கள். முதலில் எதிர்ச்சுவர் அருகே நின்று பாருங்கள்: சிறுமி இளவரசி, பணிப்பெண்கள், படுத்திருக்கும் நாய், பின்சுவரின் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் அரசனும் அரசியும், இடப்பக்கம் தூரிகையோடு நிற்கும் ஓவியர். பிறகு மெல்ல நெருங்குங்கள். தூரத்தில் பட்டும் சரிகையுமாக மின்னிய இளவரசியின் ஆடை, கிட்டப் போகப் போக வெறும் வெள்ளை, சாம்பல் தீற்றல்களாகப் பிரிந்துவிடும். ஓவியரின் மார்பில் இருக்கும் சிவப்புச் சிலுவை சாந்தியாகோ வீரர் குழுவின் சின்னம்; ஓவியம் 1656இல் தீட்டப்பட்டது, அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்ததோ 1659இல். சிலுவை பின்னால் சேர்ந்தது என்று தெரிந்து பார்க்கும்போது அந்த முகத்தின் நிமிர்வுக்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது.

பாஷ் வரைந்த ‘இன்பங்களின் தோட்டம்’ என்ற மூன்று பலகை ஓவியத்தைச் சுற்றிப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். கதவுகள் போல மூடக்கூடிய இரு பக்கப் பலகைகளின் வெளிப்புறத்தில் சாம்பல் நிறத்தில் படைப்பின் தொடக்ககால உலகம் ஒரு கண்ணாடிக் கோளம் போல இருக்கும். உங்கள் கணவரை அதன் முன்பக்கம் நிறுத்துங்கள், அத்தனை பழங்களைப் பார்த்து அவரே நகர மாட்டார். கோயாவின் பதினான்கு கறுப்பு ஓவியங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதுமையில், செவிப்புலன் இழந்த நிலையில், தம் வீட்டுச் சுவர்களில் அவர் தீட்டியவை அவை. பின்னாளில் பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். அவற்றுக்குப் பிறகு வேறெதுவும் பார்க்காமல் வெளியே வந்துவிடுவதே நல்லது. உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை; அது ஒரு பெரிய விடுதலை.

பன்னிரண்டே முக்காலுக்கு வெளியேறி, அறைக்குப் போய்க் கால்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்கு விருந்துக்குப் போங்கள். சனிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், இத்தகைய உணவகங்களில் பல ஞாயிறும் திங்களும் மூடியிருப்பது. உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து தரம் பிரிக்கும் மிஷலின் கையேட்டின் கணக்கில் ஒரு நட்சத்திரம் வழியில் நின்று சாப்பிடத் தகுந்த இடம், இரண்டு என்றால் சுற்றிக்கொண்டும் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். உங்களுடைய பயணம் அதற்காக மட்டுமல்ல என்பதால் ஒன்று அல்லது இரண்டு நட்சத்திர இடமே போதும் என்பது என் கருத்து.

சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து சொன்னால் சமையற்காரருக்கும் சங்கடம், உங்களுக்கும் ஏமாற்றம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் எழுதினால் மீனும் உப்பிட்டு உலர்த்திய பன்றியிறைச்சித் துணுக்குகளும் வந்துவிடலாம். மீன், இறைச்சி, அவற்றில் காய்ச்சிய சாறு எதுவுமே கூடாது; பால், முட்டை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். முழுச் சைவ மெனு தர இயலாது என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள், கெஞ்ச வேண்டாம். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஒயின் என்ற ஏற்பாட்டை இருவரும் எடுக்க வேண்டியதில்லை. அவர் மட்டும் எடுத்து நீங்கள் ஒரு வாய் சுவைத்தால் போதும். எழுந்த பிறகு ரெட்டிரோ பூங்காவில் நடங்கள்.

ஞாயிறு காலை தைஸன் அருங்காட்சியகம், இரண்டு மணி நேரம் மட்டும். கிர்லாந்தாயோ வரைந்த இளம்பெண்ணின் பக்கவாட்டு முகம், ஏறத்தாழ ஏ4 தாள் அளவிலான ஹோல்பைனின் எட்டாம் ஹென்றி, ஹாப்பரின் ஹோட்டல் அறை ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். களைப்பாக இருந்தால் இதை மொத்தமாக விட்டுவிட்டு, காபியோடு காலையைக் கழிப்பதிலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பயணத் தேதி மாறினால் ரெய்னா சோபியாவுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். எதைப் பதிவு செய்தாலும் உணவகத்தை முதலில் செய்யுங்கள். அருங்காட்சியகச் சீட்டு கடைசி வாரத்திலும் கிடைத்துவிடும், நல்ல மேசை கிடைக்காது. வராமல் போனால் பணம் பிடித்துக்கொள்வதற்காகப் பெரும்பாலும் கடன் அட்டை எண் கேட்பார்கள். ரத்து செய்வதற்கான கடைசி நாளை உங்கள் கணவர் தம் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.