உள்ளூர் ஆற்றுப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்து வேலை செய்தால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?

கேள்வியில் இருக்கும் அந்த 'உண்மையிலேயே' சுருக்கென்று குத்தியது. நீங்கள் எங்கோ ஒரு குழுவில் ஓரிரு வாரம் போய்க் குப்பை பொறுக்கிவிட்டு, மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே குப்பையைப் பார்த்த எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும்.

நான் தாமிரபரணிக்காரன். பாபநாசத்தில் ஆற்றில் கிடக்கும் துணியை எடுக்கும் ஒரு சின்னக் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். பதினோரு பேர், வழக்கமாக வருவது ஐந்து பேர். துணியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பரிகாரம் செய்ய வருகிறவர்களும் காரியம் செய்ய வருகிறவர்களும் குளித்துவிட்டு, கட்டியிருந்ததை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. பாவம் போகிறதோ என்னவோ, துணி போவதில்லை.

பருத்தி வேட்டி என்றால் கொஞ்ச நாளில் நைந்துவிடும். பாலியஸ்டர் சேலை அப்படியில்லை. மடிப்புக்குள் மணல் ஏறி அப்படியே படுத்துக்கொள்ளும். நுனியைப் பிடித்து இழுத்தால், அடியில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல இருக்கும். காலால் மணலைக் கலைத்து, பாறை இடுக்கில் கையை விட்டு, கருக்கரிவாளால் வேரில் படாமல் துணியை மட்டும் அறுக்க வேண்டும். தண்ணீர் குடித்த ஒரு சேலையைக் கரைக்குக் கொண்டுவர இரண்டு ஆள் வேண்டும். போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

சடங்குக்கு எதிரி என்று எனக்கு முத்திரை குத்த வேண்டாம். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்கிறவன்தான் நானும். சொல்லப்போனால் என் வேட்டியும் இதே ஆற்றில்தான் கிடக்கிறது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்தப் படித்துறைக்குத்தான் வந்தோம். கட்டியிருந்ததை ஆற்றில் விடச் சொன்னார் காரியம் செய்து வைத்தவர். நான் தயங்கினேன். சுற்றுச்சூழல் அக்கறையெல்லாம் இல்லை, புது வேட்டி. "ஏல, விட்டுட்டு திரும்பிப் பாக்காம வா" என்று அத்தை கரையிலிருந்து சத்தம் போட்டார். விட்டேன். ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டேன். நாலடி தள்ளி ஒரு பாறையில் மாட்டிக்கொண்டு, உள்ளே காற்றுப் புகுந்து உப்பி, ஆள் குப்புறப் படுத்திருப்பது போலக் கிடந்தது. எல்லோரும் வேனில் ஏறிய பிறகும் அது அங்கேதான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து இந்தக் குழுவைப் பற்றி ஒருவர் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாறைதான்.

"சாக்கடையை விட்டுவிட்டு ஏழைகளின் துணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே" என்று ஒரு கூட்டம் வரும். சரிதான், சாக்கடைதான் பெரிய வினை, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பணம் வேண்டும், வழக்கு வேண்டும். 2010இல் நல்லகண்ணு ஐயா உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், தானே வாதாடி, இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை வாங்கினார். அது அவரால் முடிந்தது. என்னால் முடிந்தது சேலை இழுப்பது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை இந்த ஆறு மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர்தான், முழுக்கத் தமிழ்நாட்டுக்குள். பக்கத்து மாநிலத்தைத் திட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

எரிச்சல் எங்கே என்றால், எடுத்த பிறகுதான். ஒரு முறை நாற்பது உரச்சாக்கு நிறையத் துணி எடுத்துக் கரையில் அடுக்கினோம். டிராக்டர் அனுப்புவதாகச் சொன்ன அலுவலகம், பெயர் வேண்டாம், எட்டு நாள் அனுப்பவில்லை. நாய்கள் சாக்கைக் கிழித்தன. ஒன்பதாம் நாள் மழை, பாதி மறுபடி ஆற்றில். எடுத்த துணியையே இரண்டாம் தடவை எடுத்தவர்கள் நாங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் திருநெல்வேலி என்றால் அல்வா மட்டும்தான். ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று என்னைச் சுமக்கவைப்பார்கள். காசு கேட்டால் "அடுத்த தடவை சேர்த்துத் தாரேன்". தின்றுகொண்டே "இந்த ருசி தாமிரபரணித் தண்ணிக்குத்தான்" என்பார்கள். அந்தத் தண்ணீரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று நான் கூப்பிட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பயன். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அது. தண்ணீர் வடிந்த பிறகு போனோம். கரை மரங்களில் என் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், சேலையும் வேட்டியும் கிழிந்து தொங்கின. நாலு வருடம் நாங்கள் எடுத்ததெல்லாம் என்ன கணக்கு என்று எனக்கே தோன்றியது. கூட வந்த அண்ணாச்சி மேலே பார்த்துவிட்டு, "ஆறு பாதிய வெளிய எடுத்து வச்சிருக்குல்லா, ஏணி கொண்டா" என்றார். ஏணி கொண்டுவந்தோம்.

அப்புறம், எனக்குக் கண் திறந்தது இந்தக் குழுவால்தான். சின்ன நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வித்தியாசம் தெரியாமல் முப்பத்தைந்து வயது வரை ஆற்றங்கரையில் வாழ்ந்திருக்கிறேன். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. குழுவில் ஒருவர் அதற்கு இழுத்துக்கொண்டு போனார். இப்போது ஜனவரி வந்தால் நானே பைனாகுலரைத் துடைத்து வைத்துவிடுகிறேன்.

அத்தையைப் பற்றியும் கேட்பீர்கள். போன வருடம் மாமாவின் காரியத்தில் ஒரு மணி நேரம் சண்டை போட்டு, துணியைக் கரையில் இருந்த தொட்டியில் போடவைத்தேன். போட்டார். பிறகு நான் பார்க்காத நேரத்தில் மாலையைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் விட்டுவிட்டார். இடுப்பளவுத் தண்ணீர்தான், இறங்கி எடுத்துவிட்டேன்.

வருவதாக இருந்தால் லுங்கி கட்டிக்கொண்டு வராதீர்கள், கால் தடுக்கும். பழைய பேன்ட் போதும்.