பயிற்சியில் நன்றாக ஆடும் பிள்ளை போட்டியில் மட்டும் தடுமாறினால் மனப் பயிற்சியாளரிடம் அனுப்பலாமா?

உங்கள் மகளுக்குப் பதினான்கு வயது, டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள், பயிற்சி மையத்தில் தன்னைவிட மூத்தவர்களைத் தோற்கடிப்பவள் மாவட்டப் போட்டி என்றால் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறாள், பயிற்சியாளரோ "தைரியம் போதவில்லை" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு உளவியல் தெரிந்த ஒருவரிடம் அனுப்புவது பயன் தருமா, அல்லது வீண் செலவா என்பது உங்கள் கேள்வி. அனுப்பலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அவளுக்குத் தைரியம் போதவில்லை என்ற முடிவோடு அனுப்பாதீர்கள். நான் உளவியல் படித்தவன் அல்லன். கல்லூரிக் காலம் வரை ஆடிவிட்டு, இப்போது வில்லிவாக்கத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுத்தருகிறேன். எங்கள் மையத்துக்கு உளவியலாளர் ஒருவர் மூன்று ஆண்டுகளாக வந்து போகிறார். அவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில், ஐந்தாவது கேமில் 10–8 என்று நான் முன்னிலையில் இருந்தேன், இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் வெற்றி. அடுத்த இரண்டு சர்வும் என்னுடையவை. வலைக்கு அருகே குட்டையாக விழும் பின்சுழல் சர்வ்தான் என் பலம், அதைத் தூக்கத்தில்கூடப் போடுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். பந்தை மேலே எறிந்த நொடியில் "மணிக்கட்டை இறுக்காதே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பந்து வலையில் முட்டியது. அடுத்த முறை மட்டையின் கோணத்தை நினைத்தேன், பந்து மேசையைத் தாண்டிப் போய்விட்டது. 10–10 ஆகி, 10–12 என்று தோற்றேன். "பயந்துட்டே" என்றார் என் பயிற்சியாளர். பல ஆண்டுகள் நானும் அதையே நம்பினேன். யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு சர்வின்போதும் நான் வழக்கத்தைவிட அதிகக் கவனமாக இருந்திருக்கிறேன், கோளாறே அங்குதான் இருந்தது.

இதை உளவியலாளர்கள் வெகுநாளாக ஆராய்ந்துவருகிறார்கள். நெருக்கடி வந்தால் மனிதனின் கவனம் தன் அசைவுகளின் மேலேயே திரும்புகிறது என்றும், பழகித் தானாக ஓடும் திறமையை அந்தக் கண்காணிப்பே குலைத்துவிடுகிறது என்றும் ராய் பாமைஸ்டர் 1984-இல் எழுதினார். 2002-இல் சையன் பைலாக்கும் அவருடைய சகாக்களும், தேர்ந்த கால்பந்து வீரர்களைக் கம்பங்களுக்கு இடையே பந்தைக் கடத்திச் செல்லச் சொல்லி, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்பதைக் கவனிக்கச் சொன்னார்கள். நன்கு பழகிய வலது காலில் அவர்களுடைய வேகம் குறைந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் உதவியாக இருந்தது. கற்கும்போது கைகொடுப்பது கற்றபின் காலைவாருகிறது என்று புரிந்தபோது, கேலரியிலிருந்து "கவனமா ஆடு, கவனமா ஆடு" என்று நான் எத்தனை பிள்ளைகளைக் கெடுத்திருப்பேன் என்று எண்ணி வெட்கப்பட்டேன்.

எங்கள் மையத்துக்கு வரும் உளவியலாளர் முதல் மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் அறிவுரை சொல்லவில்லை. பாயிண்டுகளுக்கு நடுவில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் கைபேசியில் படம் பிடித்தார். உங்கள் மகளின் வயதுள்ள ஒரு பெண், நன்றாக ஆடும் நாளில் பந்தை எடுத்துவந்து, மேசையின் ஓரத்தில் உள்ளங்கையைத் துடைத்து, மூச்சை விட்டு, அதன்பின் சர்வ் போடுவாள். தோற்கத் தொடங்கினால் பந்து கைக்கு வந்ததுமே போட்டுவிடுவாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரம் அது. அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை, தானே பார்த்தபிறகுதான் நம்பினாள். அதன்பின் அவளுக்கென்று ஒரு சிறு ஒழுங்கை அவளையே அமைக்கச் சொன்னார்கள்: கையைத் துடைப்பது, மூச்சை உள்ளிழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவது, எதிர்ப்பக்க மேசையில் பந்து விழவேண்டிய இடத்தைப் பார்ப்பது, உடனே எறிவது. மணிக்கட்டைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது. ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. அதையும் அவள் விடாமல் பயன்படுத்தப் பழகினாள்.

இந்த ஒழுங்கு அமைதியான கூடத்தில் மட்டும் பழகினால் போட்டியில் நிற்காது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் ஆட்டத்தை 8–8-இலிருந்து தொடங்குகிறோம். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் நின்று கத்துவார்கள், தோற்பவர் அன்று மாலை முழுவதும் பந்து பொறுக்க வேண்டும். கேட்பதற்குச் சில்லறை விஷயமாகத் தோன்றும். பந்து பொறுக்குவதைத் தவிர்க்க அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெண் மாறுவதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆயின, இன்றும் சில நாட்களில் பழைய அவசரம் திரும்புகிறது.

நெஞ்சு படபடப்பதைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதை அடக்கியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றவர்களைவிடப் பிசகில்லாமல் பாடினார்கள். உடலின் துடிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் வேறு. என் அக்கா மார்கழிக் கச்சேரிகளில் பாடுபவர். மேடை ஏறுமுன் அவர் விரல்கள் இன்றும் சில்லிட்டுப் போகும், "கை குளிரலேன்னாதான் எனக்குக் கவலை" என்பார். நடுக்கம் குறையப் பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் இசைக்கலைஞர்களிடையே உலகெங்கும் உண்டு. யாராவது உங்கள் மகளுக்கு அப்படி யோசனை சொன்னால் ஏற்காதீர்கள்: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து, துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற விளையாட்டுகளில் அது தடைசெய்யப்பட்ட மருந்தும்கூட.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ச் சதுரங்க வீரர் குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை எதிர்த்து ஆடியபோது முதல் ஆட்டத்திலேயே தோற்றார், முன்னிலை பெற்றபின் பன்னிரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார். ஆயினும் பதினான்காவதில் வென்று 7.5–6.5 என்ற கணக்கில் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் போட்டிக்கு அவரைத் தயார்செய்தவர்களில், 2011 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு பணியாற்றிய மனப் பயிற்சியாளர் பேடி அப்டனும் ஒருவர்.

யாரிடம் போவது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே ஏமாந்தோம். ஒருவர் ஓட்டல் அரங்கில் ஒருநாள் முகாம் நடத்தி, நாற்பது பிள்ளைகளை நாற்காலிமேல் ஏற்றி "என்னால் முடியும்" என்று கத்தவைத்தார். மறுவாரப் போட்டியில் ஒரு மாற்றமும் இல்லை, தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆகவே படிப்பைக் கேளுங்கள், உளவியலில் முறையான பட்டம் இருக்கவேண்டும். அவள் ஆடுவதை நேரில் வந்து பார்ப்பாரா, உங்கள் பயிற்சியாளருடன் பேசுவாரா என்று கேளுங்கள். அவள் சொன்னதை உங்களிடம் சொல்லமாட்டேன் என்று முதல் நாளே அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல ஆள் என்பதற்கு அது ஓர் அடையாளம். தூக்கமின்மை, சாப்பாட்டை ஒதுக்குதல், பள்ளிக்கும் போக மறுத்தல் போன்றவை இருந்தால் விவகாரம் ஆட்டத்தோடு நிற்கவில்லை என்று பொருள். அப்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பார்ப்பதே முறை.

போட்டி முடிந்து வண்டியில் வீடு திரும்பும் அரைமணி நேரத்தில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள், அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த போட்டியில் ஒரு கேமையாவது, பாயிண்டுகளுக்கு நடுவே நடப்பதையும் சேர்த்து, வெட்டாமல் படம் பிடித்துவையுங்கள். யாரிடம் போனாலும் அவர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.